ஆயில் கறுப்பா இருந்தா, மாத்தலைன்னு அர்த்தமா?

போன வாரம் பிரேக் பத்திப் பேசினதுக்கு அப்புறம், நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "சர்வீஸுக்கு விட்டேன், ஆயில் மாத்தினதா பில்லு குடுத்தாங்க. நிஜமாவே மாத்தினாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" இன்னைக்கு அதைப் பத்தித்தான்.

நான் இருக்கறது ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர் பக்கம். என்கிட்ட ஒரு பழைய டீசல் பொலிரோ இருக்கு. பகல்ல சாமை மூட்டை, பலாப்பழம், ரேஷன் அரிசி. ராத்திரியில யாருக்காவது உடம்பு முடியலைன்னா போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்கறதும் அதே வண்டிதான். பிரசவ வலியில இருக்கற பொண்ணை ஏத்திக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல இறங்கறப்போ ஆயில் லைட்டு சிவப்பா எரிஞ்சா என்ன செய்வீங்க? வண்டியை நிறுத்தவும் முடியாது, ஓட்டவும் முடியாது. அதனால ஆயில் விஷயம் எங்களுக்குப் பில்லுக் கணக்கு மட்டும் இல்லை.

முதல்ல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன். சில வருஷத்துக்கு முன்னாடி, கீழே ஒரு மெக்கானிக்கிட்ட ஆயில் சர்வீஸ் பண்ணிட்டு மலை ஏறி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில கேஜை உருவிப் பார்த்தா, ஆயில் மை மாதிரி கறுப்பு. ஏமாத்திட்டான்னு நெனச்சுட்டேன். நேரா இறங்கிப் போய், நாலு கஸ்டமர் முன்னாடி சத்தம் போட்டேன். அவர் என்னை விட வயசுல பெரியவர். பதில் பேசலை. ஒரு புது கேனை உடைச்சார், என் கண் முன்னாடியே வடிச்சார், புதுசா ஊத்தினார். "தம்பி, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து கேஜைப் பாரு"ன்னார். ஓட்டிட்டு வந்து பார்த்தேன். கறுத்துப் போய்த்தான் இருந்துச்சு. அன்னைக்கு எனக்கு முகம் தொங்கிப் போச்சு. காசு குடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டார்.

டீசல் எரியறப்போ புகைக்கரி நிறைய வரும். அந்தக் கரியை இன்ஜினுக்குள்ள படிய விடாம தன்னோட கலந்து வெச்சுக்கறதுதான் நல்ல ஆயிலோட வேலை. நீங்க எவ்வளவு நேரம் வடிய விட்டாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கிடும். அந்தக் கொஞ்சமே புது ஆயிலைக் கறுப்பாக்கப் போதும். அதனால டீசல் வண்டியில நிறத்தை வெச்சு யாரையும் திருடன்னு சொல்லாதீங்க. பெட்ரோல் கார் வேற கதை. அதுல புது ஆயில் பல நூறு கிலோமீட்டருக்குத் தேன் நிறத்துலயே இருக்கும். சர்வீஸ் முடிஞ்ச அன்னைக்கே பெட்ரோல் வண்டியில தார் மாதிரி இருந்தா, அப்போ கேள்வி கேளுங்க.

அப்போ எதைத்தான் நம்பறது? அதையும் அந்த மெக்கானிக் அண்ணன்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தார். வண்டி திரும்பி வந்ததுக்கு அப்புறம் தேடாதே, விடறதுக்கு முன்னாடியே அடையாளம் வை அப்படின்னார். பெயின்ட் மார்க்கர் பேனா ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. ஆயில் ஃபில்டர் மேல, சட்டுன்னு கண்ணுல படாத பக்கமா, தேதியை எழுதிடுங்க. அடியில டிரெயின் நட்டு இருக்குல்ல, அதுல இருந்து சம்ப் வரைக்கும் ஒரு கோடு போடுங்க. நட்டைக் கழட்டி மாட்டினா அந்தக் கோடு பெரும்பாலும் பழையபடி நேரா சேராது. அப்புறம் கேஜை உருவி, லெவலை செல்போன்ல ஒரு போட்டோ. கிலோமீட்டர் மீட்டரையும் ஒரு போட்டோ. அஞ்சு நிமிஷ வேலை.

இது எனக்கு ஒரு தடவை நிஜமாவே கை குடுத்துச்சு. அவசரத்துக்கு வேற ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பேரும் ஊரும் வேணாம். பில்லுல ஆயிலும் ஃபில்டரும் போட்டிருந்தாங்க. கேஜ்ல லெவல் ஃபுல். இன்ஜினை நல்லா துடைச்சிருந்தாங்க, ஃபில்டர் பளபளன்னு இருந்துச்சு. குனிஞ்சு பின்பக்கம் பார்த்தா, என் கையெழுத்துல பழைய தேதி அப்படியே இருக்கு! (சிரிப்பு) நட்டுக் கோடும் அசையலை. ஒரு லிட்டர் டாப் அப் பண்ணிட்டு முழுசுக்கும் காசு வாங்கியிருக்காங்க. சத்தம் போடலை, முன்னாடி பட்டது ஞாபகம் இருந்துச்சு. போட்டோவையும் ஃபில்டரையும் காட்டினேன். "பையன் மறந்துட்டான்"னு சொல்லிட்டு, என் முன்னாடியே எல்லாத்தையும் மாத்திக் குடுத்தாங்க.

இதுலயும் ஒரு விஷயம் கவனிக்கணும். சில இடங்கள்ல கேஜ் குழாய் வழியா மெஷின் வெச்சு ஆயிலை உறிஞ்சி எடுப்பாங்க. அங்க நட்டுக் கோடு அசையாது, ஆனா ஆயில் மாத்தினது உண்மை. அதனால நட்டை மட்டும் பார்த்துட்டு சண்டைக்குப் போகாதீங்க, ஃபில்டரையும் பாருங்க. சில கார்ல ஃபில்டர் பேப்பர் மாதிரி ஒரு கூட்டுக்குள்ள இருக்கும், வெளியில எழுத முடியாது. அப்போ "பழைய ஃபில்டரை வண்டியிலேயே போட்டுக் குடுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. காலி கேனையும் கேட்டு வாங்கிக்கோங்க. வாங்கினதும் ஆணியால ஒரு ஓட்டை போட்டுடுங்க. இல்லைன்னா அது காயலான் கடைக்குப் போய், கலப்பட ஆயிலோட திரும்பி வர வாய்ப்பு இருக்கு.

டேஷ்போர்டுல "சர்வீஸ்" லைட்டு அணைஞ்சுடுச்சே, அது ஆதாரம் இல்லையான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இல்லீங்க. பெரும்பாலான வண்டியில அது கிலோமீட்டர் கணக்கு மட்டும்தான். ரீசெட் பண்ணினா அணையும், ஆயிலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

மலையில இருக்கறவங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். கேஜ் பார்க்கணும்னா வண்டி சமதளத்துல நிக்கணும், இன்ஜின் ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் ஆகியிருக்கணும். எங்க ஊர்ல சமதளம் தேடறதே ஒரு வேலை. (சிரிப்பு) சரிவுல நிறுத்திப் பார்த்தா, ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி, கூடவோ குறைச்சலோ காட்டும். நான் வீட்டு வாசல்ல பார்க்கறதே இல்லை, ஏரிக்கரைப் பக்கம் ஒரு மட்டமான இடம் இருக்கு, அங்கதான். குறையறது மட்டும் இல்லை, ஃபுல் கோட்டுக்கு மேல ஊத்தறதும் ஆபத்து. கிராங்க் அடிச்சு ஆயில் நுரைச்சுடும், நுரையால பேரிங்குக்கு உயவு குடுக்க முடியாது.

அதே மாதிரி, ரெண்டாவது கியர்ல லோடோட ஏறற வண்டிக்கு, கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கற சாதாரணக் கணக்கு பொருந்தாது. மலை, தூசி, லோடு எல்லாம் "கடுமையான உபயோகம்"னு தனியா போட்டிருப்பாங்க. அந்தப் பக்கத்தைத் தேடிப் படிச்சு, அதுல சொல்ற கிலோமீட்டருக்கே மாத்துங்க.

வடிச்ச ஆயிலை சில பேர் கரையானுக்குன்னு கம்பத்துல பூசறாங்க, ஓடையோரம் ஊத்திடறவங்களும் உண்டு. ஓடைத் தண்ணியைத்தான் நாம குடிக்கிறோம். 2016 விதிகள்படி அது அபாயகரமான கழிவு, அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரங்களுக்குத்தான் போகணும். ஒர்க்‌ஷாப்லயே விட்டுட்டு வாங்க.

ஆதாரம் இருந்தும் கடைக்காரர் ஒத்துக்கலைன்னா, 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அதுலயும் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது. பில்லும் போட்டோவும் பத்திரமா இருக்கட்டும்.

அந்தப் பழைய மெக்கானிக் அண்ணன்கிட்டதான் இப்பவும் வண்டி விடறேன். அங்கயும் மார்க்கர்ல தேதி எழுதிட்டுத்தான் போவேன். அவர் ஃபில்டரைக் கழட்டினதும் என் கையெழுத்தைப் பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே எடுத்து என் சீட்டுக்கு அடியில வெச்சுடுவார்.

அடுத்த எபிசோடில் கூலன்ட் பத்திப் பேசலாம்.