விதையோடு வரும் கரி

தானியப் பயிர்களில் விதை மூலமாகப் பரவும் பூசண நோய்களைப் பற்றி இன்றைக்குப் பேசலாம். எல்லாத்தையும் அடுக்கினால் ஒரு எபிசோடு போதாது. அதனால கரிப்பூட்டையை மட்டும் எடுத்துக்கிறேன். சோளத்திலும் வரும், கோதுமையிலும் வரும். பேர் ஒண்ணுதான், ஆனா பூசணம் குடியிருக்கிற இடம் வேற. அந்த இடம் தெரிஞ்சாத்தான் என்ன செய்யணும்னு முடிவு பண்ண முடியும்.

முதலில் சோளம். மக்காச்சோளம் இல்லை, நம்ம மானாவாரிச் சோளம். நோய் வந்த கதிரில் மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு பை இருக்கும். நசுக்கினா உள்ளே கரித்தூள். அந்தத் தூள்தான் பூசணத்தின் வித்து. வயலில் இருக்கிறவரை பை பெரும்பாலும் உடையாது. களத்தில் கதிர் அடிக்கும்போதுதான் உடையும். சில கதிர்களில் இருந்த கரி, நல்ல மணிகள் மேலேயும் ஒட்டிக்கும். அடுத்த பட்டத்தில் விதை முளைக்கும்போது அதுவும் கூடவே முளைத்து, முளை மண்ணை விட்டு வெளியே வர்றதுக்குள்ள உள்ளே புகுந்துடும். பயிர் பச்சையா வளரும். கதிர் வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரியும்.

அப்போதுதான் "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று என்னிடம் கேட்பாங்க. எதையும் அடிக்காதீங்க என்பதுதான் என் பதில். அந்தக் கதிர் திரும்பாது, மருந்துக்குக் கொடுத்த காசும் போகும். தடுக்க வேண்டிய நேரம் விதைப்புக்கு முன்னாடி. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கந்தகத் தூள் கலந்து விதைக்கணும். ஏக்கருக்கு 6 கிலோ விதை என்றால் மொத்தம் 24 கிராம். பூசணம் விதையின் மேலே உட்கார்ந்திருக்கிறதால, மேலே பூசுகிற மருந்தே அதைத் தொட்டுடும்.

இந்த அறிவு புதுசு இல்லை. கோதுமையில் நாற்றமடிக்கும் ஒரு கரிப்பூட்டை உண்டு. அதற்குப் பூசணம்தான் காரணம் என்று 1807-இல் பிரான்சில் பெனெடிக்ட் பிரெவோ சோதனை செய்து காட்டினார். தாமிர சல்பேட் கரைசலில் விதையை நனைத்தால் தடுக்கலாம் என்றும் சொன்னார். லூயி பாஸ்டர் பிறப்பதற்கு 15 வருஷம் முன்னாடி!

ஆனா அதே கோதுமையில் வர்ற இன்னொரு கரிப்பூட்டை இந்த வைத்தியத்துக்கு அடங்கலை. அதில் கதிரே கரித்தூளாகத்தான் வெளியே வரும். தூள் காற்றில் பறந்து, பூத்திருக்கிற பக்கத்துக் கதிர்களில் விழும். பூ வழியே போய், உருவாகிற விதையின் முளைக்கருவுக்குள்ளேயே தங்கிடும். அந்த விதையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நல்லாவே முளைக்கும். மேலே எதைப் பூசி என்ன பயன்?

உள்ளே போகக்கூடியது வெப்பம். 1880-களில் டென்மார்க்கைச் சேர்ந்த யென்சன் வெந்நீர் முறையைக் கொண்டுவந்தார். ஆனா சூடு கொஞ்சம் கூடினால் விதை செத்துடும், குறைந்தால் பூசணம் பிழைச்சுக்கும். வெப்பமானி வைத்துப் பார்க்கிற வேலை எல்லார் வீட்டிலும் நடக்காது. 1930-களில் பஞ்சாபில் லூத்ரா அதற்கு ஒரு வழி சொன்னார். மே, ஜூன் மாதத்தில் காலையில் 4 மணி நேரம் விதையைத் தண்ணீரில் ஊற வைக்கணும். உறங்கிக் கிடந்த பூசணம் ஈரத்தில் விழிச்சுக்கும். பிறகு உச்சி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிக் காய வைக்கணும். விழித்த பூசணம் அந்தச் சூட்டில் செத்துடும், விதை பிழைக்கும். விதைக்குள் ஊடுருவும் கார்பாக்சின் மருந்து அறிமுகமானது 1966-இல்தான்.

திரும்ப நம்ம சோளத்துக்கு வருவோம். கரி தெரிந்த கதிர்களைக் களத்துக்குக் கொண்டு போகாதீங்க. தூள் சிந்தாமல் துணிப்பையில் பறித்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுடுங்க. முடிந்தவரை கரி இல்லாத வயலிலிருந்து விதை எடுங்க. கந்தகம் கலந்த விதை மிஞ்சினால் சமையலுக்கோ கோழிக்கோ போடாதீங்க.

கரி வந்துடுச்சே என்று, தலைமுறையாக வைத்திருந்த விதையையே கைவிட்டவங்க உண்டு. கடையில் வேற ரகம் கிடைக்கும், அந்த ரகம் கிடைக்காது. 24 கிராம் கந்தகத்தில் காப்பாத்தக்கூடியதை இழந்துடாதீங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.