அண்டை வீட்டாரும் ஏடிஸ் கொசுவும்



அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரும், மூடாத தண்ணீர்த் தொட்டியும் அவருக்கு இழைக்கும் தீங்கை எண்ணிப் பார்ப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல நீரில்தான் பெருகுகிறது. பெரும்பாலும் அது சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பதில்லை. அப்படியாயின் நம் வீட்டில் பிறந்த கொசு யாரைக் கடிக்கும்? நம் பிள்ளைகளையும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும்தான்!

விஞ்ஞானம் இதற்கு வழி காணவில்லையா என்று கேட்கலாம். கண்டிருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரைப் பாருங்கள். வொல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் பல பூச்சிகளில் இயற்கையாகவே வாழ்வது. அது ஏடிஸ் கொசுவின் உடலில் இருந்தால், டெங்குக் கிருமி அங்கே பெருகுவது தடைப்படுகிறது. அந்நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 பகுதிகளில் மட்டும் 2017ஆம் ஆண்டு அத்தகைய கொசுக்களைப் பரப்பினர். 2021இல் முடிவு வெளியாயிற்று. அப்பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடும், அதற்காக மருத்துவமனையில் சேர்வது 86 விழுக்காடும் குறைந்திருந்தன.

சகோதரர்களே! அக்கொசு முட்டைகள் எங்கே வைக்கப்பட்டன தெரியுமா? மக்களின் வீட்டு முற்றங்களில், சிறு வாளிகளில்! ஊர்த் தலைவர்களிடம் எடுத்துரைத்து, இசைவு பெற்ற பிறகே அது நடந்தது. அதே நாட்டின் பாலித் தீவில் 2023இல் இம்முயற்சி, மக்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. கருவி ஒன்றுதான், மக்கள் கதவைத் திறந்த இடத்தில் பயன் தந்தது, திறவாத இடத்தில் நின்றுபோயிற்று.

புதுச்சேரியிலுள்ள அரசு ஆய்வு மையமும் இத்தகைய கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. அவை நம் ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை ஜுமுஆ முடிந்ததும் தொட்டிகளை மூடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றின் நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த பாத்திரத்திலும் இக்கொசுவின் முட்டை பல மாதம் கெடாமல் இருக்கும். பள்ளிவாசல் ஹவ்ளை ஜமாஅத்தார் கவனிக்கட்டும். சுகாதார ஊழியர் வரும்போது ஆண்கள் இல்லாத வீடுகள் அவரைத் திருப்பி அனுப்பிவிடாதிருக்க, மஹல்லாப் பெண்கள் இருவரை உடன் அனுப்பவும் ஏற்பாடு செய்யட்டும்.

நோயாளிக்காகத் துஆச் செய்யும் நாம், நோய் வராமல் காப்பதையும் கடமையாகக் கொள்வோம். நம்மால் அண்டை வீட்டார் நலம் பெறும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.