பறிக்க முடியாத முதல்



பிரிட்டனில் குடியேறிய இரு சமூகத்தாரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றினார். ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டனை வந்தடைந்தனர். அவர்கள் சொத்துகளை இழந்திருந்தனர். ஆயினும் ஆங்கிலக் கல்வியும் வணிக அனுபவமும் உடன் வந்தன. லெஸ்டர் போன்ற நகரங்களில் கடைகளும் தொழில்களும் நிறுவி, ஒரு தலைமுறைக்குள் பலர் நிமிர்ந்தனர்.

சில்ஹெட் பகுதியின் உழவர் குடும்பங்களிலிருந்து வந்த வங்கதேசத்தவரோ ஆலைகளிலும், கிழக்கு லண்டன் தையற்கூடங்களிலும் உழைத்தனர். அத்தொழில்கள் நலிந்தபோது, வேறு தொழிலுக்குரிய கல்வி பலரிடம் இல்லை, வறுமை நீடித்தது. உழைப்பில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர்.

இன்று இங்கிலாந்தின் பள்ளித் தேர்வுகளில் அவர்தம் பிள்ளைகள் நாட்டின் சராசரியை விஞ்சுகின்றனர்.

மகனைக் கடல் கடந்து அனுப்பத் துடிக்கும் பெற்றோர்களே, முதலில் அவன் படிப்பை முடிக்கட்டும்!