எண்ணிக்கை குறைந்தால் எண்ணமும் குறைய வேண்டுமா?

(குத்தம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை, தோழர்கள் விரும்பியவண்ணம் எழுத்துருவில் தரப்படுகிறது.)

தோழரே!

குத்தம்பாக்கத்தில் கூடியிருந்தோர் செவியில் விழுந்ததை, அங்கு வர இயலாத உங்கள் விழிகளுக்கும் விருந்தாக்க வேண்டுமென்று கேட்டனர் நண்பர்கள். விருந்து என்று கூற எனக்குத் துணிவில்லை. எடுத்துக்கொண்ட பொருள் பாகற்காயைப் போன்றது. நாவுக்குக் கசக்கும், உடலுக்கு நல்லது.

பொருள் இதுதான்: நீதிபதிகளை நியமிக்கும் காரியத்தில், எண்ணிக்கையில் சிறுத்த கட்சி, பெருத்த கட்சியோடு சமரசம் செய்துகொள்ளலாமா, கூடாதா?

"நெல் விலையைப் பேசு, நூல் விலையைப் பேசு, நீதிபதி நியமனம் நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அமைச்சரின் ஆசனத்தை ஐந்தாண்டுக்கொருமுறை அசைத்துப் பார்க்கும் வாக்கு, நீதிபதியின் நாற்காலியைத் தொடுவதில்லை. உயர்நீதிமன்ற நீதிபதிக்கு 62 வயது வரை பதவி; உச்சநீதிமன்ற நீதிபதிக்கு 65 வயது வரை. நியமனத்துக்கு இசைந்த அமைச்சரவை வீழ்ந்த பின்னும், அவர் வீற்றிருப்பார். உங்கள் நிலம் பறிபோகும்போது, உழைத்த கூலி மறுக்கப்படும்போது, உங்கள் பிள்ளையின் கல்லூரி இடத்துக்கு ஆபத்து வரும்போது, கடைசியாக நீங்கள் ஏறும் படிக்கட்டு அவருடைய மன்றத்தின் படிக்கட்டுதான்.

நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. மக்களவையின் இடங்கள் 543. அவற்றுள் தமிழ்நாட்டின் பங்கு 39. நாடு முழுதும் கிளை பரப்பாத மாநிலக் கட்சி, தன் மண்ணில் எத்துணைப் பெரிய வெற்றி பெற்றாலும், 39 இடங்களையும் ஒன்று விடாமல் வென்றாலும், டெல்லியிலே சிறுபான்மைதான். ஆகவே இந்தக் கேள்வி ஏதோ ஒரு தேர்தலில் தோற்றுவிட்ட கட்சிக்கு மட்டும் உரியதன்று. நம்மோடு பிறந்து, நம்மோடு வாழும் கேள்வி.

அயலார் மேடையிலே ஒரு காட்சி

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதுபவன். ஆகவே சட்டப் புத்தகத்தின் நடையை விட்டுக் காட்சியாகவே காட்டுகிறேன்.

பெரியவர்: நீதிபதிப் பதவிக்கு இவர் என் ஆள். ஒப்புக்கொள்!

சிறியவர்: மறுத்தால்?

பெரியவர்: மறுக்கும் உரிமையை உனக்களித்த விதியையே மாற்றிவிடுவேன்.

சிறியவர்: ஒப்புக்கொண்டால்?

பெரியவர்: விதி அப்படியே இருக்கும், நீ அதைப் பயன்படுத்தாத வரையில்!

கற்பனை என்று எண்ணிவிடாதீர்கள். 2005ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க செனட் சபையிலே ஏறக்குறைய இக்காட்சிதான் நடந்தது. 100 பேர் கொண்ட அச்சபையில், விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குச் செல்லவே 60 பேரின் சம்மதம் வேண்டும் என்பது விதி. குடியரசுக் கட்சியினர் 55 பேர். அதிபர் புஷ் முன்மொழிந்த நீதிபதிகள் சிலரை, இந்த விதியைக் கேடயமாகக் கொண்டு, சிறுபான்மையாயிருந்த ஜனநாயகக் கட்சியினர் தடுத்து வைத்தனர். "கேடயத்தையே ஒடிப்போம்" என்றனர் பெரும்பான்மையினர். அப்போது இரு கட்சியிலிருந்தும் ஏழு ஏழு பேராக 14 உறுப்பினர்கள் கூடி ஓர் உடன்பாடு கண்டனர். தடுக்கப்பட்டிருந்தோரில் மூவருக்கு வழிவிடுவது, இனி அசாதாரணச் சூழ்நிலையில் மட்டுமே தடுப்பது, விதியைத் தொடாதிருப்பது.

விதி பிழைத்ததா? எட்டாண்டு பிழைத்தது! 2013 நவம்பரில், அதற்குள் பெரும்பான்மையாகிவிட்ட ஜனநாயகக் கட்சியினரே, கீழமை நீதிமன்ற நியமனங்களைப் பொறுத்தவரை அவ்விதியை 52க்கு 48 என்ற வாக்கில் ஒடித்தனர். மிச்சமிருந்த பாதியை, உச்சநீதிமன்ற நியமனத்துக்கான பாதியை, 2017 ஏப்ரலில் குடியரசுக் கட்சியினர் ஒடித்தனர். 2020 அக்டோபர் 26 அன்று, அதிபர் தேர்தலுக்கு எட்டே நாள் இருக்கையில், அதே 52க்கு 48 என்ற வாக்கில் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு நீதிபதி அமர்த்தப்பட்டார். சிறுபான்மை பார்த்துக்கொண்டிருந்தது. கேடயம் இல்லை, அதை முதலில் முறித்தவர்களின் கையே அன்று வெறுங்கையாக நின்றது!

2005இல் செய்த சமரசம் தவறு என்று நான் கூறவில்லை. எட்டாண்டு அமைதியும் ஒரு பேறுதான். ஆனால் அந்த உடன்பாடு ஆட்களைப் பற்றியதாக இருந்ததேயன்றி, நெறியை இரு தரப்பாரும் என்றென்றும் காப்போம் என்ற உறுதியாக இருக்கவில்லை. ஆகவேதான் அது நிலைக்கவில்லை.

நம் வீட்டிலே நடந்தது

கடல் கடந்த கதை போதும். நம் வீட்டுக்கு வருவோம். இங்கே நீதிபதிகளின் பெயர்கள் நாடாளுமன்றத்தில் வாக்குக்கு வருவதில்லை. தொடக்கத்தில் தலைமை நீதிபதியைக் கலந்துகொண்டு அரசே நியமித்து வந்தது. அந்த அதிகாரம் எப்படிப் பயன்பட்டது? 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. மறுநாளே, அரசின் விருப்பத்துக்கு மாறாகத் தீர்ப்பளித்த மூத்த நீதிபதிகள் ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி, ஏ.என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், விசாரணையின்றிச் சிறைப்பட்டவன் நீதிமன்றத்தை நாடவும் உரிமையில்லை என்று நான்கு நீதிபதிகள் கூற, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் "உண்டு" என்றார். 1977 சனவரியில் அவரைத் தாண்டி இளையவருக்குத் தலைமைப் பதவி தரப்பட்டது. கன்னா பதவி துறந்தார்.

அந்த ஒருவர் தோற்றாரா? 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த ஆயம், அந்த நால்வரின் கருத்தை நீக்கி, கன்னாவின் கருத்தே சரியென்றது. எண்ணிக்கையில் ஒன்று, எண்ணத்தில் வென்றது! நாற்பத்தோராண்டு பிடித்தது, அவ்வளவுதான்.

1993இல், நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் 'கொலிஜியம்' முறையை உச்சநீதிமன்றம் வகுத்தது. அதை மாற்ற 2014இல் நீதிபதிகள் நியமன ஆணையம் அமைக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தலைமை நீதிபதி, மூத்த நீதிபதிகள் இருவர், சட்ட அமைச்சர், சான்றோர் இருவர் என ஆறு பேர் கொண்ட ஆணையம். அச்சான்றோரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலே, பிரதமரோடும் தலைமை நீதிபதியோடும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் ஓர் இடம்!

அன்று மக்களவையில் காங்கிரசுக்கு இருந்த இடங்கள் 44. எதிர்க்கட்சித் தலைவர் என்ற தகுதியே அதற்கு வழங்கப்படவில்லை. ஆயினும், அப்படியொருவர் இல்லாவிடில் பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் அமர்வார் என்று திருத்தம் கூறிற்று. மக்களவையில் நலிந்திருந்த அக்கட்சி, மாநிலங்களவையில் வலுவோடிருந்தது. மூன்றில் இருபங்கு ஆதரவின்றித் திருத்தம் நிறைவேறாது. அந்த வலுவைக் கொண்டு பேரம் பேசிற்று. குடியரசுத் தலைவர் திருப்பியனுப்பும் பெயரை மீண்டும் பரிந்துரைக்க ஆறு பேரும் ஒருமித்தாக வேண்டும் என்ற விதியை நீக்கச் சொன்னது, அரசும் நீக்கியது. பிறகு மக்களவையில் 367 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுமில்லை. மாநிலங்களவையில் 179 ஆதரவு, அங்கும் எதிர்ப்பில்லை.

2015 அக்டோபர் 16 அன்று, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. நீதித்துறையின் சுதந்திரம் பறிபோகும் என்றனர் நால்வர். சமரசம் நாடாளுமன்றத்தில் வென்று, நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒத்துப் போய்விட்டால் மட்டும் ஒரு முறை நல்ல முறையாகிவிடாது என்பதே அது தரும் பாடம்.

ஒருவரின் மறுப்புக்கு உள்ள மதிப்பு

அப்படியானால் சிறுபான்மை செய்யத் தக்கது என்ன? நீதிபதிப் பதவியன்று, ஆயினும் அதற்கு அண்டை வீடு போன்ற மற்றொரு பதவியின் வரலாற்றைக் கேளுங்கள். 2010 செப்டம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைத் தேர்ந்தெடுக்கக் கூடியது மூவர் குழு: பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா சுவராஜ். பி.ஜே. தாமஸ் பெயரை இருவர் ஏற்றனர். சுஷ்மா மறுத்தார், மறுப்பை எழுத்திலும் பதித்தார். நியமனம் நடந்தேறியது. 2011 மார்ச் 3 அன்று உச்சநீதிமன்றம் அந்தப் பரிந்துரையே சட்டத்தின் முன் இல்லாத ஒன்று எனக் கூறி நியமனத்தை நீக்கியது. அதோடு ஒரு நெறியும் வகுத்தது: குழு ஒருமித்தே தீரவேண்டுமென்பதில்லை, ஆனால் மறுப்பவர் காரணம் கூற வேண்டும், மறுப்பைத் தள்ளும் பெரும்பான்மையும் காரணம் கூற வேண்டும்.

தோழரே, அந்த எதிர்க்கட்சியின் கொள்கை வேறு, நம் கொள்கை வேறு. அதற்காக நல்ல பாடத்தை நாம் தள்ளிவிடலாமா? ஒருவரின் மறுப்புக்குத் தடுக்கும் வலிமை இல்லை. ஆயினும் காரணத்தோடு எழுதி வைத்த மறுப்பு, நாளைய தீர்ப்புக்கு விதையாகும்.

எனவே என் முடிவைக் கூறுகிறேன்.

பெயரிலே விட்டுக்கொடுக்கலாம். ஒருவர் நம் கொள்கைக்காரரல்லர் என்பதற்காக மட்டும், அறிவும் நேர்மையும் உள்ளவரைத் தடுப்பது அழகன்று. நம்மவர் என்பதற்காகத் தகுதியற்றவரைத் தாங்குவது அதனினும் இழிவு.

நெறியிலே விட்டுக்கொடுக்கலாகாது. குத்தம்பாக்கத்துச் சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் இருக்கின்றன. வெவ்வேறு சாதிக் குடும்பங்கள் அருகருகே, நடுவிலே ஒரு பொதுச் சுவர். இந்த வீட்டார் தம் பக்கம் வெள்ளை பூசலாம், அந்த வீட்டார் நீலம் பூசலாம். சுவரை இடிக்க எவருக்கும் உரிமையில்லை. நியமன நெறி அத்தகைய சுவர். தேர்தல் ஆணையர் தேர்வுக் குழுவில் தலைமை நீதிபதி இருக்க வேண்டுமென்று 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. அதே டிசம்பரில் வந்த சட்டம் அவரை நீக்கி, ஒன்றிய அமைச்சர் ஒருவரை அமர்த்தியது. எதிர்க்கட்சித் தலைவருக்கு நாற்காலி இருக்கிறது. முடிவோ அவர் வந்து அமருமுன்பே தெரிந்துவிடுகிறது! சுவரில் கைவைத்தால் இப்படித்தான் முடியும்.

சமரசத்துக்கு விலை கேட்க வேண்டும். அந்த விலை நம்மவருக்குப் பதவியாக இருக்கலாகாது. பின் எது? 2018 முதல் 2022 முடிய உயர்நீதிமன்றங்களில் நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில், 79 விழுக்காட்டினர் பொதுப்பிரிவினர், பிற்படுத்தப்பட்டோர் 11 விழுக்காடு, தாழ்த்தப்பட்டோர் 2.8, பழங்குடியினர் 1.3. இது நாடாளுமன்றக் குழுவிடம் ஒன்றிய அரசே தந்த கணக்கு. 1950இல் தோன்றிய உச்சநீதிமன்றம், தாழ்த்தப்பட்ட சமுதாயத்து நீதிபதி ஒருவரைக் காண 1980 வரை காத்திருந்தது. அவர் தமிழ்நாட்டின் ஏ. வரதராசன். முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவியைக் காண 1989 வரை காத்திருந்தது. கொலிஜியமானாலும் ஆணையமானாலும், ஒடுக்கப்பட்டோர்க்கும் மகளிர்க்கும் உரிய இடத்தை விதியாகவே எழுதுங்கள் என்று கேட்போம். அதைப் பெற்றுக்கொண்டு இசைந்தால் அது சமரசம். பெறாமல் இசைந்தால் அதற்குச் சரணாகதி என்று பெயர்.

கடைசியாக ஒன்று, இதுதான் கடினமானது. டெல்லியிலே சிறுபான்மையாக இருக்கும் கட்சி, சென்னையிலே பெரும்பான்மையாகும் நாளும் உண்டு. அன்று உயர்நீதிமன்றத்துக்கு வரும் பெயர்களைப் பற்றி மாநில அரசின் கருத்தும் கேட்கப்படும். அந்த நாளில், "இவர் நமக்கு வேண்டியவரா?" என்று கேட்போமா, "இவர் நீதிக்கு வேண்டியவரா?" என்று கேட்போமா? சிறுத்திருந்தபோது போற்றிய விதியைப் பெருத்தபோது ஒடித்தவர்களின் கதையை அமெரிக்க மேடையிலே கண்டோம். அந்த நாடகத்தை இங்கே அரங்கேற்ற வேண்டாம். நாம் பெரும்பான்மையாகும் நாளில் அந்தச் சுவருக்குக் காவல் நிற்போமானால், இன்று சிறுபான்மையாக நின்று நாம் கேட்பது நியாயமென்று எதிரியும் ஒப்புவான்.

எண்ணிக்கையைத் தருவது தேர்தல். அது ஏறும், இறங்கும். எண்ணம் நம் கையில் இருக்கிறது, தோழரே! அதை இறக்காதிருப்போம்.