பொறியின் அமுக்கம்

(திருமுக்கூடலில் உந்துப் பழுதுபார்ப்போர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டொன்று உள்ளது. 15 படுக்கை கொண்ட மருத்துவச்சாலை ஒன்றை அது கூறும். அங்கே மருந்து தருவார் ஒருவர். அறுவை செய்வார் வேறொருவர். இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயரும் அளவுங்கூட அதில் வெட்டப்பட்டுள்ளன. இன்றைய உந்துப் பட்டறையிலோ, நோயை நாடுமுன்பே அறுவை தொடங்கிவிடுகின்றது.

வாடகை உந்து ஓட்டுநர் ஒருவர் வருகின்றார். வண்டி மேடேற மறுக்கின்றது, எண்ணெய் குடிக்கின்றது. “கம்ப்ரசன் போச்சு, எஞ்சினை இறக்கவேண்டும்” என்பது விடை. எவ்வுருளையில் போயிற்று, எவ்வளவு போயிற்று என்று அவர் கேட்பதில்லை. அச்சொல் அவர்க்கு ஒரு பொருளும் தராதபோது எதைப் பற்றிக் கேட்பார்? வட்டிக்குப் பணம் வாங்கி வந்து வண்டியை விட்டுச் செல்கின்றார்.

கம்ப்ரசன் என்பது அமுக்கமே. சிலிண்டராகிய உருளைக்குள், பிசுட்டனாகிய உலக்கை மேலேறுங்கால், காற்றும் கன்னெய்யும் (பெட்ரோல்) கலந்த கலவையை எட்டிலொரு பங்கு, பத்திலொரு பங்கு இடத்துள் அடக்கும். அவ்வமுக்கம் கசியுமாயின் விசை குன்றும். கசிய வழி மூன்று: உலக்கையைச் சூழ்ந்த வளையம், வால்வு என்னும் ஓரதர், உருளைத் தலைக்குக் கீழுள்ள அடைதகடு.

பொறியைத் திறவாமலே இதனை ஆய்ந்தறியலாம். பொறியைச் சூடேற ஓட்டி நிறுத்துக. எரிநெய் வரத்தையும் தீப்பொறி மின்னையும் துண்டித்து, பிளக்குகள் அனைத்தையும் கழற்றுக. ஒரு துளையில் அமுக்கமானியைத் திருகி, விசைமிதியை முழுதும் அழுத்தியவாறு ஐந்தாறு சுற்றுச் சுழற்றுக. மிதியை அழுத்தாவிடின் காற்றுப் புகாது. நல்ல உருளையும் நோயுற்றதாய்க் காட்டும். மின்கலம் நலிந்திருப்பினும் அஃதே.

கன்னெய்ப் பொறிகள் பெரும்பாலானவற்றில் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 180 பவுண்டு வரை காட்டும். ஆயினும் செய்தோர் கையேடு குறிப்பதே முடிந்த அளவு. அதனினும் நோக்கவேண்டுவது உருளைகளின் ஒப்புமை. 150, 148, 95, 150 என வந்ததென்க. உச்ச அளவின் முக்காற் பங்குக்குக் கீழே தாழ்ந்த மூன்றாம் உருளையே நோயாளி. அதனுள் ஒரு சிறுகரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்து பார்க்க. அமுக்கம் ஏறினால், எண்ணெய் இடுக்கை அடைத்தது. தேய்ந்தது வளையமோ உருளைச் சுவரோ ஆகும். ஏறாவிடின் ஓரதரையோ அடைதகட்டையோ ஐயுறுக. அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருங்கே தாழ்ந்திருந்தால் அடைதகட்டையே முதலில் பார்க்கவேண்டும். ஓரதர் இடைவெளி குறைந்து, முழுதும் மூடாமல் நிற்பதும் உண்டு. அதனைத் திருத்துவது சிறுவேலை. அதற்குப் பொறியை இறக்குவது பகற்கொள்ளை!

டீசல் பொறியில் அமுக்கம் இதனினும் இருமடங்கு, மும்மடங்கு மிகும். அதற்குக் கன்னெய்ப் பொறியின் மானியை மாட்டலாகாது.

அளந்த எண்களை வண்டியுடையார் கண்முன்னே தாளில் எழுதுக. “மூன்றாம் உருளையில் அமுக்கம் குறைவு, எண்ணெய் விட்டும் ஏறவில்லை” என்று அவர்க்கு விளங்கும் தமிழில் சொல்லி, தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுக. அவர் அதனை இன்னொரு பட்டறையில் காட்டுவாரே என்று அஞ்சுவோரும் உளர். காட்டட்டுமே! அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் அத்தாளே வேண்டும்.