பிள்ளைகளின் நாவலும் பிள்ளைகளின் கருத்தும்

கதைப் புத்தகம் ஒன்றைப் படித்து முடித்துக் கீழே வைக்கும் பிள்ளையிடம் பெரியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "இக்கதையினால் நீ அறிந்துகொண்ட நீதி யாது?" என்பதே அது. பிள்ளையும் சளைப்பதில்லை. உண்மை பேச வேண்டும், முயன்றால் முன்னேறலாம், மூத்தோர் சொற்கேட்க வேண்டும் என்னும் மூன்று விடைகளுள் ஒன்றை எடுத்து நீட்டிவிடும். கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கு விடுதலை. ஆனால், அக்கதை பிள்ளைக்குப் பிடித்ததா, எந்த இடத்தில் அதன் மனம் துள்ளியது, எந்த இடத்தில் கொட்டாவி வந்தது, எந்தப் பாத்திரத்தின்மீது கோபம் மூண்டது என்பனவற்றை யாரும் கேட்பதில்லை. கேட்பார் இல்லாதபடியால், பிள்ளையும் காலப்போக்கில் அவற்றை எண்ணிப் பார்ப்பதை விட்டுவிடுகிறது. நாவல் படிக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் குன்றி வருகிறதென்று வருந்துவோர், இந்தக் கேட்கப்படாத கேள்விகளையும் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிள்ளையின் கருத்துக்கு மதிப்பளித்த ஒரு நிகழ்ச்சி பதிப்புலக வரலாற்றில் உண்டு. 1936ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரில் ஸ்டான்லி அன்வின் என்னும் பதிப்பாளரிடம் ஒரு கையெழுத்துப் பிரதி வந்து சேர்ந்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டோல்கின் என்பவர் எழுதிய கதை அது. பிள்ளைகளுக்கான நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுந்தவர் பிள்ளையே என்பது அன்வினின் கொள்கை. ஆகவே, பத்து வயதினனாகிய தம் மகன் ரேனரிடம் அப்பிரதியைக் கொடுத்து, படித்துக் கருத்து எழுதித் தரும்படி சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். சிறுவன் படித்தான்; கதை நன்றாயிருக்கிறது, ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான். தன்னிலும் இளையவர்களுக்கே அது பொருந்தும் என்று அந்தப் பத்து வயதுப் பெரிய மனிதன் கருதினான் போலும்! 1937இல் "ஹொபிட்" என்ற பெயருடன் அந்நூல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அச்சிறுவனே வளர்ந்து தந்தையின் பதிப்பகத்திற் சேர்ந்து, 1954இல் அதன் தொடர்ச்சியாகிய பெருநூல் வெளிவருவதற்கும் காரணமானான். ஒரு பிள்ளையின் கருத்தைக் கேட்டதனால் ஒரு நூல் மட்டுமன்றி, ஒரு பதிப்பாளனும் உருவானான் என்பது சிந்தைக்குரியது.

தமிழிலும் பிள்ளைகளுக்குரிய நாவல்களுக்குச் செழிப்பான காலம் ஒன்று இருந்தது. 1950ஆம் ஆண்டு முதல் 1972ஆம் ஆண்டு வரை, ஆர்வியை ஆசிரியராகக் கொண்டு சென்னையிலிருந்து வெளிவந்த "கண்ணன்" இதழ், சிறுவர்க்கான தொடர்கதைகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டது. அந்த இதழ் நின்ற 1972ஆம் ஆண்டிலேயே அழ. வள்ளியப்பாவை ஆசிரியராகக் கொண்டு "கோகுலம்" தோன்றியது. வாண்டுமாமா எழுதிய வீரதீரக் கதைகளைப் படித்து வளர்ந்தோர் கடலுக்கு இப்பாலும் பலர். தொடர்கதையின் சிறப்பு அது தொடர்வதில் மட்டும் இல்லை. இந்த இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையிலுள்ள நாட்களில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். குகைக்குள் அகப்பட்டவன் தப்புவானா மாட்டானா என்று பள்ளிக்கூட மரநிழலில் வாதம் நடக்கும். ஆசிரியர் செய்தது சரியன்று, நானாயிருந்தால் இவ்வாறு எழுதியிருப்பேன் என்று ஒருவன் சொல்வான். இலக்கிய விமரிசனம் என்று பெயர் சூட்டாமலே இலக்கிய விமரிசனம் அங்கே நடந்தது. இலங்கை வானொலியிலே "சிறுவர் மலர்" நிகழ்ச்சியை நடத்திய வானொலி மாமா சரவணமுத்து அவர்கள் பிள்ளைகளை ஒலிவாங்கியின் முன்னால் நிறுத்திப் பேசவைத்தார் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். பிள்ளையின் குரலும் நாடு கேட்கத் தக்க குரலே என்பதை அந்த நிகழ்ச்சி உணர்த்திற்று.

இன்று நிலைமை வேறு. "கோகுலம்" இதழின் அச்சுப் பதிப்பு 2020இல் நின்றுபோயிற்று. கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளின் மாலைப் பொழுதைத் தனியார் வகுப்புகள் எடுத்துக்கொள்கின்றன. ஐந்தாந் தரத்திலே புலமைப் பரிசில், அதன்பின் சாதாரண தரம், அதன்பின் உயர்தரம். பாடத்திற்கு உதவாத புத்தகம் பொழுதை வீணாக்கும் புத்தகம் என்ற எண்ணம் பல வீடுகளில் வேரூன்றிவிட்டது. ஆங்கில மொழிமூலம் கற்கும் பிள்ளைகளோ, பொழுதுபோக்குக்காகப் படிக்கும்போதும் ஆங்கில நாவலையே நாடுகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆனால் பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வயது வரை, உலகத்தைப் பற்றியும் தன்னைப் பற்றியும் ஒரு பிள்ளை ஆழமாக எண்ணத் தொடங்கும் அந்த நான்கு ஆண்டுகளில், தமிழ் அதற்குப் புள்ளி வாங்கித் தரும் பாடமாக மாத்திரம் இருக்குமாயின், பின்னர் அம்மொழியில் அது சமையலறைச் செய்திகளைப் பேசுமேயன்றி, தன் மனத்தின் செய்திகளைப் பேசாது. இழப்பு இங்கேதான் இருக்கிறது.

ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்ளலாம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், மாடிக் குடியிருப்பிலே பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியும் அவளுடைய அம்மம்மாவும் வாழ்கிறார்கள். அம்மம்மா கொட்டாஞ்சேனையிற் பிறந்து வளர்ந்தவர்; சிறுமியாயிருந்தபோது "கண்ணன்" இதழுக்காகக் கடை வாசலில் காத்து நின்றவர். சேர்த்து வைத்த இதழ்களும் நூல்களும் 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே வீட்டோடு எரிந்து சாம்பலாயின. அதன்பின் அவர் புத்தகம் சேர்த்ததில்லை. பேத்தி பாடசாலை நூலகத்திலிருந்து கொண்டுவந்த நாவலை ஒருநாள் தற்செயலாகக் கையில் எடுத்தவர், கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, இரண்டு நாளில் படித்து முடித்துவிட்டார்.

அந்நாவல் மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் சிங்களத்தில் எழுதிய "மடொல் தூவ". தமிழிலும் அது மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1976இல் அதைத் திரைப்படமாக்கினார். தென்னிலங்கைக் கிராமத்துச் சிறுவன் உபாலி; தாயை இழந்தவன், குறும்பன். அவன் வீட்டில் வேலைக்கு இருக்கும் ஜின்னாவும் அவனும் ஊரைவிட்டு ஓடி, பேய் உலாவுகின்றதென்று ஊரார் அஞ்சும் ஒரு தீவிற் குடியேறி, காடு வெட்டிப் பயிர் செய்து வாழ்கிறார்கள். வழக்கமான நீதிக் கேள்வியைக் கேட்டிருந்தால், உழைப்பே உயர்வு தரும் என்ற வழக்கமான விடை வந்திருக்கும். அம்மம்மா அதைக் கேட்கவில்லை. "பிள்ளை, உனக்கு ஆரைப் பிடிச்சது?" என்று மாத்திரம் கேட்டார்.

சிறுமி சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "ஜின்னாவை" என்றாள். "உபாலி அவனைத் தோழன் என்கிறான். ஆனால் கதை முழுவதையும் உபாலிதானே சொல்லுறான், அம்மம்மா? ஜின்னா சொன்னால் இந்தக் கதை எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

அறிஞர் அவையிலும் மதிப்புப் பெறத் தக்க கேள்வி இது. கதையைச் சொல்பவன் யார், சொல்லப்படுபவன் யார் என்ற வேறுபாட்டை அச்சிறுமி தானாகவே கண்டுகொண்டாள். ஒரே தீவில், ஒரே உழைப்பில், இருவரும் உண்மையில் ஒத்தவர்தாமா என்ற ஐயம் அவளுக்கு எழுந்தது. தம் பழைய வீட்டில் வேலை செய்த மலைநாட்டுச் சிறுமியை அம்மம்மா அன்றிரவு நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவளைப் பற்றிப் பேத்தியிடம் சொன்னார். தாம் அவளை நடத்திய விதம் எல்லாம் சரியன்று என்பதையும் மறைக்காமற் சொன்னார். பேத்தி பாட்டிக்கு ஒரு கேள்வியைக் கொடுத்தாள். பாட்டி பேத்திக்கு ஓர் உண்மையைக் கொடுத்தார். நாவல் இல்லையேல் அந்த உரையாடல் அவ்வீட்டில் நடந்திருக்காது.

கருத்துப் பரிமாற்றத்தினால் வேறொரு பெரும்பயனும் உண்டு. யெஸ். பாலபாரதி எழுதி, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்ற "மரப்பாச்சி சொன்ன ரகசியம்" என்னும் சிறுவர் நாவலிலே, ஒரு மரப்பாச்சிப் பொம்மை பேசுகிறது. பெரியவர்களின் தவறான தொடுகையினால் துன்புறும் பிள்ளைகள் வாய்திறந்து சொல்ல அது துணை நிற்கிறது. இத்தகைய நூலைப் படித்த பிள்ளையிடம் நீதி யாதெனக் கேட்டுவிட்டு எழுந்து போவது எவ்வளவு பெரிய தவறு! தன் துன்பத்தைத் தன் பெயரால் சொல்ல அஞ்சும் பிள்ளை, கதையிலுள்ள பிள்ளையின் பெயரால் அதைச் சொல்லக்கூடும். "அந்தப் பிள்ளை ஏன் உடனே அம்மாவிடம் சொல்லவில்லை?" என்ற கேள்விக்குள்ளே வேறொரு கேள்வி மறைந்திருக்கக்கூடும். பொறுமையோடு கேட்கும் காதுக்கே அது புலப்படும். ஜப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயானகி 1981இல் வெளியிட்ட "டோட்டோ சான்" என்னும் நூல் தமிழிலும் கிடைக்கிறது. பள்ளிக்குப் புதிதாக வந்த சிறுமியின் பேச்சைத் தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளிலேயே நான்கு மணி நேரம் இருந்து கேட்டார் என்று அதில் வருகிறது. அந்த நான்கு மணி நேரமே அப்பள்ளியின் முதற்பாடம் எனலாம்.

பிள்ளைகளின் கருத்து முதிராத கருத்து, அதற்கு இத்துணை இடம் கொடுக்கலாமா என்று ஐயுறுவோர் உளர். முதிராதது உண்மையே. ஆயின், பிஞ்சாய் இராமற் கனியானது எதுவும் இல்லை. "நல்லது", "கூடாது" என்ற இரு சொற்களோடு தொடங்கும் பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்டால், அது மீண்டும் புத்தகத்தைப் புரட்டும், காரணம் தேடும், தேடிய காரணத்திற்குச் சொல் தேடும். அந்தச் சொல்லைத் தமிழிலே தேடுமாயின் தமிழும் வளரும். பிள்ளை ஒரு நூலைப் பிடிக்கவில்லை என்றால், அதையும் மதிக்க வேண்டும். பெரியவர்கள் போற்றும் நூலைப் பிள்ளை பாதியில் மூடிவைப்பது குற்றமன்று. எந்தப் பக்கத்தில் மூடியது என்பதை எழுத்தாளரும் பதிப்பாளரும் அறிவது நன்று.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. 1942இல் நிறுவப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்தோடும் மண்டபத்தோடும் திகழ்கிறது. 1925இல் தோன்றிய கொழும்பு பொது நூலகம் எல்லாருக்கும் உரியது. கொட்டாஞ்சேனையில் ஆலய மண்டபங்களும் பாடசாலைகளும் உள்ளன. 2005இல் தொடங்கிய "நூலகம்" என்னும் எண்ணிம நூலகத்திலே, கடைகளில் கிடைக்காத ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம். போயா விடுமுறை நாளொன்றில் பத்துப் பிள்ளைகள் கூடட்டும். மாதத்திற்கு ஒரு நாவல் போதும். ஆளுக்கொரு பிரதி வாங்க இயலாவிடின், ஒரு பிரதி கைமாறிச் செல்லட்டும். கூட்டத்திற்கு வரும் பெரியவர்களும் அந்நூலைக் கட்டாயம் படித்து வர வேண்டும், படியாதவர் பேசலாகாது. புள்ளி இல்லை, பரிசு இல்லை, சரி பிழை இல்லை. இறுதியில் ஒவ்வொரு பிள்ளையும் நான்கு வரி எழுதி, அந்நூலின் உள்ளட்டையில் ஒரு தாளாக ஒட்டிவைக்கட்டும். அடுத்து அதே நூலை எடுக்கும் பிள்ளை, ஆசிரியரின் முன்னுரைக்கு முன்னதாகத் தன் வயதினர் ஒருவரின் எழுத்தைக் காணும். "நாற்பதாம் பக்கம் வரை பொறுத்துக்கொள், பிறகு நன்றாயிருக்கும்" என்ற ஒரு வரி, எத்தனை விளம்பரம் செய்தாலும் செய்ய இயலாத வேலையைச் செய்துவிடும்.

இதனை வாசிப்பு மாதமாகிய ஒக்டோபரில் மாத்திரம் செய்து, நவம்பரில் மறந்துவிடுவதாற் பயனில்லை. வீட்டிலிருந்தே தொடங்கலாம். அந்த வெள்ளவத்தை வீட்டில் இப்பொழுது ஒரு சிறிய புத்தக அலுமாரி இருக்கிறது. நாற்பது ஆண்டுகளாகப் புத்தகம் சேர்க்காத அம்மம்மா, செட்டியார் தெருவுக்குப் போய் வந்த நாளில் இரண்டு நாவல்களை வாங்கி அதில் வைத்தார். ஒன்று பேத்திக்குப் பிடித்தது, மற்றது பிடிக்கவில்லை. பிடிக்காத நூலைப் பற்றியே இருவரும் அதிகம் பேசிக்கொண்டார்கள்.