மூடியது ஆலை, முறிந்தது ஒப்பந்தம்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை யார் நினைவாக அமைந்ததோ அந்தப் பெரியவர், தொழிற்சங்க வாயிற்கூட்டத்தில் பேசுவதற்கு முன் கம்பெனியின் ஆண்டறிக்கையை வரிவிடாமல் படித்துவிட்டு வருவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்வார்கள். நிர்வாகம் நஷ்டம் என்று சொன்னால், எந்தப் பிரிவில் நஷ்டம், யார் எடுத்த முடிவால் நஷ்டம் என்று கேட்பாராம். அவர் கேட்ட அதே கேள்வியை வைத்துக்கொண்டு, டிரினிடாட் நாட்டு அரசு எண்ணெய்க் கம்பெனியான பெட்ரோட்ரின் 2018-ல் மூடப்பட்ட கதையை உங்கள் முன் வைக்கிறேன்.

எண்ணெயும் சங்கமும்

டிரினிடாடை நம்மில் பலருக்கு பிரையன் லாராவின் ஊராகத் தெரியும். வெனிசுவேலாக் கரைக்கு எதிரே உள்ள சின்னத் தீவு. டொபாகோவையும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 14 லட்சம். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 1,44,000 பேரைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறியவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு.

கடைசிக் கூலிக் கப்பல் வந்த காலத்திலேயே தீவின் தென்பகுதியில் எண்ணெய்த் தொழில் வேரூன்றிவிட்டது. பாயிண்ட்-ஆ-பியரில் 1917-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானங்களுக்கு அங்கிருந்து எரிபொருள் போனது.

1937 ஜூன் 19 அன்று, ஃபிசாபாத் என்ற எண்ணெய் ஊரில் தொழிலாளர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்த டியூபல் யூரியா பட்லரைக் கைது செய்யப் போலீஸ் வந்தது. ஊர் கொதித்தெழுந்தது, வேலைநிறுத்தம் தீவெங்கும் பரவியது. அந்தக் கொந்தளிப்பிலிருந்து பிறந்ததுதான் எண்ணெய் வயல் தொழிலாளர் சங்கம். பட்லர் கிரனாடாவிலிருந்து வந்த கறுப்பினத் தலைவர். சங்கத்தின் முதல் தலைவரோ ஏட்ரியன் கோலா ரியென்சி. இயற்பெயர் கிருஷ்ண தேவநாராயண், இந்திய வம்சாவளி வழக்கறிஞர். கரும்புத் தொழிலாளர் சங்கத்துக்கும் அவரே தலைவர். எண்ணெயில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர், கரும்பில் இந்திய வம்சாவளியினர் என்று பிரிந்து கிடந்த நாட்டில் இது சாதாரணக் காரியமல்ல. ஜூன் 19 இன்றும் அங்கே தொழிலாளர் தினம், அரசு விடுமுறை.

அரசு கைக்கு வந்தது எப்படி?

பாயிண்ட்-ஆ-பியர் ஆலையை 1956-ல் டெக்சாகோ வாங்கியது. வெளிநாட்டுக் கச்சா எண்ணெயைக் கொண்டுவந்து, சுத்திகரித்து, அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடு. அந்தக் கணக்கில்தான் ஆலையை அவ்வளவு பெரிதாக வளர்த்தார்கள். சந்தை மாறியது, டெக்சாகோவுக்கு ஆலை வேண்டாததாயிற்று. 1985-ல் அரசு வாங்கியது. ஷெல் கம்பெனியின் சொத்துகள் 1974-லேயே அரசிடம் வந்திருந்தன. எல்லாவற்றையும் சேர்த்து 1993-ல் பெட்ரோட்ரின் உருவானது.

ஆக, தனியார் கம்பெனி லாபம் பார்த்து முடித்த ஆலையை அரசு ஏற்றது. ஏற்றது தவறென்று சொல்ல மாட்டேன். அன்று ஏற்காமல் விட்டிருந்தால் ஆலையை அடுத்த மராபெல்லா, காஸ்பரில்லோ போன்ற ஊர்களில் உலை கொதித்திருக்காது. ஆனால் நாட்டின் சொந்த எண்ணெய்க்கும் ஆலையின் பசிக்கும் இடையில் இருந்த இடைவெளியும் கூடவே வந்தது. 2018-ல் கம்பெனி நாளொன்றுக்குச் சுமார் 40,000 பீப்பாய் சொந்தமாக எடுத்தது. சுமார் 1,00,000 பீப்பாயை உலக விலை கொடுத்து இறக்குமதி செய்தது. பழைய இயந்திரங்களில் அதைச் சுத்திகரித்து விற்றால் கையைக் கடிக்காமல் என்ன செய்யும்?

ஆகஸ்ட் 28

2018 ஆகஸ்ட் 28 அன்று நிர்வாகம் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 800 கோடி டிரினிடாட் டாலர் நஷ்டம். தொடர்ந்து நடத்த 2,500 கோடி வேண்டும். 85 கோடி அமெரிக்க டாலர் கடன்பத்திரத்துக்கு அடுத்த ஆகஸ்டில் கெடு. அரசிடம் பணமில்லை என்றார் பிரதமர் கீத் ரௌலி. முதலில் 1,700 சுத்திகரிப்புத் தொழிலாளர்களின் வேலைதான் பேச்சாக இருந்தது. பிறகு மொத்தக் கம்பெனிக்கும் சீட்டுக் கிழிந்தது. நிரந்தரம், தற்காலிகம் என்று ஏறத்தாழ 5,000 பேர். நவம்பர் 30-ஆம் தேதியோடு எல்லோருக்கும் கணக்குத் தீர்க்கப்பட்டது.

டிசம்பர் 1 அன்று புதிய கம்பெனிகள் பொறுப்பேற்றன. எண்ணெய் எடுக்க ஹெரிடேஜ், எரிபொருளை இறக்குமதி செய்து விற்கப் பாரியா, மூடிய ஆலையை வைத்திருக்கக் குவாரகாரா. மூன்றுக்கும் முதலாளி அதே அரசுதான். அதே கிணறுகள், அதே துறைமுகம். பழைய ஆட்களில் சிலரை ஒப்பந்த அடிப்படையில் திரும்பக் கூப்பிட்டார்கள். திரும்பி வராதது ஒன்றுதான்: பல பத்தாண்டுகள் பேசிப் பேசிச் சங்கம் வாங்கிய கூட்டு ஒப்பந்தம்.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. ஆலையை மூடியது ஒரு முடிவு. எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது இன்னொரு முடிவு. முதலாவதற்குக் கச்சா எண்ணெய் விலையும் பழைய இயந்திரமும் காரணம்; அதை எதிர்த்தும் ஆதரித்தும் நேர்மையாக வாதாட முடியும். இரண்டாவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. எண்ணெய் எடுக்கும் பிரிவு லாபம் தரும் என்று நம்பித்தானே மறுநாளே ஹெரிடேஜை அரசு நடத்தத் தொடங்கியது? அது லாபமும் காட்டியது. அடுப்படிக் கூரை ஒழுகுகிறது என்று சொல்லி வீட்டில் இருந்த அத்தனை பேரையும் வெளியேற்றிவிட்டு, வேறு கதவு எண் போட்டுப் புதிய வாடகைப் பத்திரம் எழுதுவதற்கு ஒப்பானது இது.

நஷ்டம் யாருடையது?

85 கோடி டாலர் கடன் சம்பளம் கொடுக்க வாங்கியதல்ல. ஆலையை நவீனப்படுத்தும் திட்டங்களோடு வந்த சுமை. கந்தகம் குறைந்த டீசலுக்கான பிரிவு கட்டி முடித்து ஓட்டப்படவே இல்லை. இயற்கை வாயுவைத் திரவ எரிபொருளாக்கும் கூட்டுத் திட்டம் பெரும்பணத்தை விழுங்கிவிட்டு, ஒழுங்காக உற்பத்தி தராமலே நின்றது. இவற்றில் ஒன்றையும் வெல்டரோ ஃபிட்டரோ முடிவு செய்யவில்லை. முடிவு செய்த இயக்குநர் குழுக்கள் ஆட்சிக்கு ஆட்சி மாறிப் போய்விட்டன.

தொழிலாளர் பக்கம் குறையே இல்லை என்று நான் மழுப்பவில்லை. சம்பளச் செலவு மிக அதிகம் என்று நிர்வாகம் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. தேர்தலுக்குத் தேர்தல் வேண்டியவர்களை உள்ளே திணித்தார்கள், ஓவர்டைம் பெருகியது, சங்கமும் அதைப் பெரிதாகக் கண்டிக்கவில்லை. அதற்கு மருந்து, மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தைத் திருத்துவது. மேசையையே தூக்கிப்போடுவது மருந்தல்ல.

சங்கம் வெறும் கோஷத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனக்குச் சொந்தமான பேட்ரியாட்டிக் என்ற கம்பெனி வழியாக, 70 கோடி அமெரிக்க டாலருக்கு ஆலையை வாங்க முன்வந்தது. 2019 செப்டம்பரில் அரசே அதைத் தேர்ந்தெடுத்தது. நிதி ஏற்பாட்டில் இழுபறி; 2021 தொடக்கத்தில் பேரம் முறிந்தது. அதன்பின் வேறு நிறுவனங்களின் பெயர்கள் அடிபட்டன. ஆலை ஓடவில்லை. நூறு ஆண்டுக்கு மேல் எண்ணெய் எடுக்கும் நாடு இன்று பெட்ரோலைக் கப்பலில் வரவழைக்கிறது.

முப்பது அங்குலக் குழாய்

2022 பிப்ரவரி 25. பாரியாவின் பொறுப்பில் இருந்த பாயிண்ட்-ஆ-பியர் துறைமுகம். கடலடியில் 30 அங்குல விட்டமுள்ள எண்ணெய்க் குழாய். பராமரிப்பு வேலையில் இருந்த ஒப்பந்த நிறுவனத்தின் முக்குளிப்பாளர் ஐந்து பேரை அழுத்த வேறுபாடு குழாய்க்குள் இழுத்துக்கொண்டது. ஒருவர் எண்ணெய் வழுக்கும் குழாய்க்குள் ஊர்ந்து, மணிக்கணக்கில் போராடி வெளியே வந்தார். மற்றவர்கள் உள்ளே உயிரோடு இருக்கிறார்கள் என்றார். சக முக்குளிப்பாளர்கள் இறங்கத் தயாராக நின்றார்கள், பாரியா அனுமதிக்கவில்லை. நான்கு பேரும் இறந்தார்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்காகப் பாரியா மீது வழக்குத் தொடர முகாந்திரம் உண்டு என்று விசாரணை ஆணையம் கூறியது.

பழைய கம்பெனி இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று கேட்கலாம். கம்பெனியின் மதிப்பை எடைபோட்டவர்கள், ஆபத்தான வேளையில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்த பழைய கைகளுக்கு எந்தப் பத்தியில் விலை எழுதினார்கள்? எந்த ஐந்தொகையிலும் அதற்கு இடமில்லை.

ஐந்தொகையில் ஏறாதவை இன்னும் உண்டு. கம்பெனி வளாகத்தில் ஆகஸ்டஸ் லாங் ஆஸ்பத்திரி இருந்தது. பெட்ரோட்ரினோடு அதுவும் மூடப்பட்டது. கொரோனா வந்தபோது அரசுக்குப் படுக்கைகள் வேண்டியிருந்தன. அதே கட்டடத்தைத் திறந்து நோயாளிகளைச் சேர்த்தார்கள். வேண்டாம் என்று கழித்துக்கட்டிய சொத்து சில ஆண்டுகளுக்குள் நாட்டுக்கே வேண்டியதாயிற்று.

முடிவாக

தனியார் முதலாளி ஆளுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டால் தொழிலாளியோடு அவருக்கு உள்ள உறவு முடிந்தது. டெக்சாகோ அப்படித்தான் போனது. அரசு அப்படிப் போக முடியாது. வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் மறுநாளும் அதே நாட்டின் குடிமகன். அவர் பிள்ளையின் படிப்பும், அவர் ஊர்க் கடைத்தெருவின் வியாபாரமும், அவர் கட்டாமல் விடும் வரியும் அதே அரசின் கணக்கில்தான் வந்து விழும். ஆட்சி மாறினாலும் அந்தக் கணக்கு முடிவதில்லை: 2025 ஏப்ரலில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. ஆலையை மீண்டும் ஓட்டுவது பற்றிய பேச்சு புதிய ஆட்சியிலும் தொடர்கிறது.

எனவே அரசு நிறுவனம் எதையும் மூடுகிறோம் என்று யார் வந்து சொன்னாலும், நஷ்டக் கணக்கை மட்டும் வாங்கிப் படித்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். மறுநாள் அந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள், எந்த ஒப்பந்தத்தின்கீழ் என்று கேளுங்கள். அதற்கு எழுத்தில் பதில் வராதவரை, மூடப்படுவது ஆலைதான் என்று நம்பிவிடாதீர்கள்.